பசை வாத்தியார் வாய் திறந்த நாள்

வாத்தியாருக்கு அப்பா வழியில் எல்லோரும் கொத்தனார்கள். அம்மா வழியில் தாய்மாமன்கள் இரண்டு பேரும் பெயின்டர்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லப் போனவர் இவர் ஒருவர்தான். ஈரச் சுவரிலும் பிடிக்கும் பசை ஒன்றை வருஷக்கணக்காகக் கிண்டியதால் பசை வாத்தியார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பும் காலம் மலையேறிவிட்டது. ஒவ்வொரு துறையும் கம்பெனி தொடங்க வேண்டும், வெளிநாட்டார் முதல் போட வேண்டும், இல்லையென்றால் துறைக்கே பூட்டு என்று மேலிடம் சொல்லிவிட்டது. வாத்தியாரின் வேதியியல் துறையின் உயிர் அந்தப் பசையில் இருந்தது.

வெளிநாட்டார் வரும் காலையில் வாத்தியாரால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். சட்டையை இரண்டு தரம் மாற்றினார். மனைவியின் தம்பிதான் பல்கலைக்கழகத்தின் வியாபாரப் பிரிவைப் பார்ப்பவன். வாசலில் நின்றபடியே சொன்னான்:

"மாமா, பசை ஒட்டும்னு மட்டும் சொல்லுங்க. எப்படி ஒட்டுதுன்னு மூச்சு விடாதீங்க. காப்புரிமைக்கு இன்னும் எழுதிப் போடல. வெளிய தெரிஞ்சா எல்லாம் போச்சு."

"அவர் வாயை மூட அவர் பசையைத்தான் தடவணும்," என்றாள் மனைவி.

கூட்டத்தில் பாதி வரை எல்லாம் சரியாகத்தான் போனது. வெளிநாட்டாருடன் வந்து கடைசி நாற்காலியில் இருந்த தமிழ்ப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். "தண்ணி நடுவுல இருக்கும்போது எப்படிப் பிடிக்கும்? புரியலையே."

புரியவில்லை என்று ஒருவர் சொன்ன பிறகு சும்மா நிற்க அவருக்கு எங்கே தெரியும்? கை தானாகப் பலகைக்குப் போனது. எந்த மாவு, எந்த உப்பு, எந்தச் சூடு, எல்லாம் வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது ஆளாளுக்குப் போனில் பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை.

வந்தவர்கள் சிரித்துக் கைகொடுத்துப் போனார்கள். நடைவழியில் மைத்துனன் மெதுவாகக் கேட்டான்: "கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே சரக்கைத் தெருவுல கொட்டிட்டீங்களே மாமா?"

"அந்தப் பொண்ணுக்குப் புரியலப்பா."

"இனிமே யார் காசு போடுவா? அடுத்த வருஷம் உங்க துறைக்கு ஆள் சேர்க்க விடமாட்டாங்க."

வாத்தியார் தலையாட்டினார். நாலடி நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார்.

"சூட்டைப் பத்திச் சொன்ன இடத்துல கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்," என்றார். "அவங்க வண்டி கிளம்பிடுச்சா, பாரு."