தைக் கூட்டத்தை நம்பிப் போட்ட கடை

நான் எடுத்து அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துத்தான் என் கணவர் கடைக்கு இடம் பிடித்தார் என்பது, அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திண்டுக்கல்லில் பழனி ரோட்டை ஒட்டிய தெரு எங்களுடையது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போவார்கள். வருடா வருடம் மொட்டை மாடியில் நின்று அதை இரண்டு நிமிடம் போனில் பிடித்து, குவைத்தில் இருந்த அவருக்கு அனுப்புவேன். பச்சை வேட்டியும் காவடியுமாக ரோடு நிறைய ஜனம். "எம்புட்டு கூட்டம்!" என்று பதில் வரும். ஊர் ஏக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மனுஷன் அங்கே உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினோரு வருடம் அவர் குவைத்தில் ஒரு காபி, ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, கோடை லீவில் நாற்பது நாள் வருவார். ஆவணிக் கடைசியில் வந்தவர் இந்த முறை, "இங்கயே ஒரு கடை போடலாம்னு இருக்கேன்" என்றார். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போனால் அங்கே வேலை அப்படியே இருக்கும். தாண்டினால் விசா போய்விடும். அதனால் மாசிக் கடைசிக்கு ஒரு டிக்கெட்டும் போட்டு வைத்திருந்தார். கடை ஓடினால் இருப்பார், ஓடாவிட்டால் போவார். இதில் நான் சொல்ல ஒன்றுமே இல்லாதது மாதிரிதான் அவர் பேசினார். நானும் தலையை ஆட்டினேன்.

சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால் என்ன சொல்வது? மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் நான் ஒருத்திதான். ஃபேனை மூன்றில் வைத்துத் தூங்குவேன். அவருக்கு ஐந்தில் ஓட வேண்டும். மத்தியானக் குழம்பு மிச்சம் இருந்தால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்தது; அவருக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் சோறு இறங்காது. இதையெல்லாம் குறை என்று யாரிடம் போய்ச் சொல்வது? இந்த மனுஷன் வந்து சேரமாட்டாரா என்று பதினோரு வருடம் அழுதவளும் நான்தான். வந்த மூன்றாம் வாரமே மாசி எப்போது வருகிறது என்று காலண்டரைப் புரட்டியவளும் நான்தான். இதில் எது நான் என்று எனக்கே பிடிபடவில்லை.

ஐப்பசி முழுக்க வீட்டில் கடைப் பேச்சுதான். முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்த இடம், பத்துக்குப் பதினான்கு அடி. இடது பக்கம் ஐஸ்கிரீம் ஃப்ரீசர், வலது பக்கம் காபி மெஷின். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போனது. எலெக்ட்ரீஷியன் வந்து, "ஒண்ணு சூட்டை வித்துக்கங்க, இல்ல குளிரை வித்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் அசரவில்லை. தனி ஒயர் இழுத்தார். சிறுமலை வாழைப்பழத்தில் ஐஸ்கிரீம் செய்து எனக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்தது என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"தை மாசம் திறக்குறோம். அம்புட்டு சனமும் கால் கடுக்க நடந்து வருது. ஃபேனும் நாற்காலியும் காபியும் கண்டா உள்ள வராம போயிருமா?" என்றார். "தை பிறந்தா வழி பிறக்கும்னு சும்மாவா சொன்னாக?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பைபாஸ் பக்கம் நடப்பவர்களுக்கு விற்கிறவர்கள் உண்டு. எங்கள் தெருவில் யாரும் விற்க மாட்டார்கள். அந்தப் பத்து நாளும் டயர் கடை வாசலில் மோர் ஊற்றுவார்கள். மருந்துக் கடைக்காரர் கால் வலிக்கு ஸ்ப்ரே அடித்துவிடுவார். மாவு மில்காரர் வீட்டில் சாம்பார் சாதம். நானே ஒவ்வொரு வருடமும் ஒரு டிரம் சுக்குக் காபி போட்டுத் தெருமுனையில் நிற்பேன். அதை முடித்துவிட்டு மாடிக்குப் போய்த்தான் வீடியோ எடுப்பது. வீடியோவில் தலைகள் தெரியும். கையில் இருக்கிற கப் தெரியாது. இந்த வீடு அவர் அனுப்பிய பணத்தில் அவர் இல்லாதபோது கட்டியது. ஒரு தை மாதம்கூட அவர் இந்தத் தெருவில் இருந்ததில்லை.

ஏன் சொல்லவில்லை? நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுப்பேன். "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டால், "டாக்டரைப் பாருங்க" என்பேன். தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தப் பழக்கம் வீட்டிலும் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மார்கழி போய்விட்டது.

தை பிறந்து ஐந்தாம் நாள் விடியற்காலையில் கடை திறந்தோம். காபி மெஷினில் பால் பொங்காது என்பதால் வீட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நான்தான் பால் காய்ச்சினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அது நல்லதா கெட்டதா என்று கேட்க ஆள் இல்லை. செத்த நேரத்தில் எட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா "முருகா" என்று புது நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார்.

இவர் பதினோரு வருடத்துப் பணிவோடு மெனு அட்டையை நீட்டினார். "என்னம்மா தரட்டும்?"

"எதா இருந்தாலும் குடுப்பா. முருகன் குடுக்குறது."

இவர் முகம் மலர்ந்து வாழைப்பழ ஐஸ்கிரீமை எடுத்தார். அந்த அம்மா கிண்ணத்தை மோந்து பார்த்தார். "இதுல முட்டை கிட்டை இருக்காப்பா? நாங்க விரதம்."

"இல்லம்மா, சுத்த பாலும் பழமும்."

"இருந்தாலும் பனிக்காலத்துல ஐஸா? தொண்டை கட்டிக்கிட்டா அரோகரா யாரு போடுறது? சூடா ஏதாச்சும் குடு."

எட்டு காபி போட்டார். நுரை மேலே இலை மாதிரி ஒரு படம் வேறு வரைந்தார். எட்டுப் பேரும் இலையைக் கலக்கிவிட்டுக் குடித்தார்கள். அந்த அம்மா எழுந்து சுருக்குப் பையைத் திறந்தபோது இவர் பில்லோடு முன்னால் போனார். பையிலிருந்து வந்தது திருநீறு. இவர் நெற்றியில் பூசி, "நீ நல்லா இருப்பய்யா" என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரும் நடையைக் கட்டினார்கள். நெற்றியில் திருநீறும் கையில் பில்லுமாக என் புருஷன் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

டயர் கடை அண்ணன் எதிரிலிருந்து ஓடி வந்தார். "தம்பி, நடக்குறவுகளுக்கா பில்லு போட்ட? இந்தத் தெருவுல யாரும் போட மாட்டாகளே. உங்க வீட்ல சொல்லலையா? தங்கச்சிதான வருசா வருசம் சுக்குக் காபி ஊத்தும்!"

அவர் போன பிறகு இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"தெரியலங்க."

"தெரியாதா, சொல்லலையா?"

"தெரியும். ஏன் சொல்லலைன்னுதான் தெரியல."

பில்லை நான்காக மடித்தார். "நான் போயிரணும்னு நெனச்சியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஊரில் எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்வாள். நான் காலி கப்புகளை எடுத்து அடுக்கினேன். அவமானமாக இருந்தது. அவர் ஷட்டரை இழுத்து மூடினார். வீட்டுக்கு வந்து ஃபேனை மூன்றில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியும்போது பக்கத்தில் ஆள் இல்லை. எழுந்ததும் முதலில் பீரோ மேலே அவருடைய பயணப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நிம்மதியாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. அதுதானா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சுக்குக் காபி டிரம்மைத்தான் காணோம்.

கடைக்கு ஓடினேன். டிரம் வாசலில் இருந்தது. அவராகவே ஏதோ போட்டிருந்தார். சுக்கு கூடிப்போய் வந்தவர்கள் இருமினார்கள். உள்ளே அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெரியவரின் வீங்கிய கணுக்காலைத் தன் மடியில் வைத்து, துண்டில் சுற்றிய ஐஸ் கட்டியால் ஒத்திக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீமை எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு, ராத்திரியே ஃப்ரீசர் நிறையத் தண்ணீர் பாக்கெட்டுகளை அடுக்கியிருக்கிறார். பின்னால் இன்னும் ஆறேழு பேர் காலை நீட்டிக் காத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும், "ஐஸ் பத்தல. வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்குறத எடுத்துட்டு வா. அப்படியே இந்தக் காபிக்கு எம்புட்டு சுக்கு போடணும்னு சொல்லு" என்றார்.

லேபுக்கு லீவு சொன்னேன். ஒன்பது நாள் நான் காபி ஊற்ற, அவர் கால்களுக்கு ஐஸ் வைத்தார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சுக்கு, வெல்லம், கப், ஐஸ் அவ்வளவுதான். கல்யாணமாகி அத்தனை நாள் சேர்ந்தாற்போல் ஒரு வேலையை இரண்டு பேரும் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததில் கோபமும் வந்தது; இத்தனை வருடம் இது எங்கே போனது என்று.

பூசம் முடிந்தது. ரோடு காலியானது. கடை ஓடியது என்று சொல்ல முடியாது, நொண்டியது. சாயங்காலத்தில் காலேஜ் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். டயர் கடை அண்ணன் குடும்பத்தோடு வந்து வாழைப்பழ ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பங்குனி வரட்டும்" என்றார். பங்குனி வெயிலுக்கு முன்னால் மாசி இருந்தது. டிக்கெட் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியும் பீரோ மேலேயே இருந்தது.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், அவர் ஃப்ரீசரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த தைக்கு ஒரு நாளைக்கு எம்புட்டு வெல்லம், எம்புட்டு சுக்கு வாங்கணும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

துடைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். "அப்ப சொல்லு. இந்தத் தடவையாச்சும் சொல்லு."

ஃபேன், வெஞ்சனம், காலண்டர் எல்லாம் ஒரு நொடி வந்து போயின. குழப்பம் தீர்ந்திருந்ததா என்றால், இல்லை. இருந்தது இருந்தபடியேதான் இருந்தது.

"வெல்லம் பத்துக் கிலோ," என்றேன். "சுக்கு மட்டும் நீங்க தொடக் கூடாது."