பதினொரு அடி ஆழத்தில் நின்றவர்

யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை இது. எனக்கே நடந்தது. நான் லிப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் தனியாக இறங்கி இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போடுகிறவன். நிழலைப் பார்த்து நடுங்குகிற ஆள் இல்லை. நம்பாதவர்கள் என் மச்சானின் வலது கணுக்காலைப் பார்த்துக்கொள்ளலாம். தழும்பு இன்னும் இருக்கிறது.

எட்டு மாதமாக ஞாயிறுதோறும் எங்கள் ஊர்ப் பூங்காக் குளத்தில் தூண்டில் போடுகிறேன். வாசல் பலகையில் விதிகள் எழுதியிருக்கும். ஆளுக்கு ஒரு தூண்டில்தான். ஒரு சாணுக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். அறுந்த நைலான் நரம்பையும் முள்ளையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நான் ஒன்றையும் மீறியதில்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டாமல், சட்டைப்பையில் மடக்குக் கத்தி இல்லாமல், தண்ணீர்மேல் நீளும் மரமேடையில் ஏறியதும் இல்லை.

ஒரு சனிக்கிழமை என் மனைவி சொன்னாள். "எங்க அண்ணன் லீவு நாள்ல சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அவனையும் கூட்டிட்டுப் போங்களேன்."

மச்சானுக்குப் பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் வேலை. அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அந்தக் குளமா? வேற குளமே கிடைக்கலையா மாப்ள?"

"ஊருக்கு இருக்கறதே அது ஒண்ணுதான் மச்சான்."

தங்கை எதிரிலேயே நின்றாள். அவரால் தட்ட முடியவில்லை.

மறுநாள் காலை 5:30க்குப் பூங்காக் காவலர் கதவைத் திறந்தார். நாங்கள்தான் முதல் ஆட்கள். குளம் முழுக்கப் பனிமூட்டம். நான் ஜாக்கெட்டை மாட்டியதும் மச்சான் சிரித்தார். "கெண்டை பிடிக்க வந்தியா, கப்பல் ஏற வந்தியா?" அவருக்காகக் கொண்டுவந்த இன்னொரு ஜாக்கெட்டைக் கீழே விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தண்ணீருக்கு முதுகைக் காட்டி. மீன் பிடிக்க வந்தவர் அப்படி ஏன் உட்கார வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

5:41. என் தக்கை அமுங்கியது. இழுத்தேன். மீன் இல்லை. முள்ளில் பழைய நைலான் நரம்பு மாட்டியிருந்தது. யாரோ விட்டுப்போன குப்பை. எடுத்துப் பையில் போட்டேன்.

5:46. மறுபடியும் நரம்பு.

5:50. மறுபடியும்.

மூன்றாவதைக் கையில் வைத்துப் பார்த்தேன். தண்ணீரில் கிடந்த நரம்பு என்றால் சிக்கும் சிடுக்குமாக இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. வட்டமாக, ஒழுங்காக, கை விரல்களில் சுற்றி எடுத்ததுபோல் இருந்தது. மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். அவையும் அப்படித்தான்.

கீழே யாரோ உட்கார்ந்து சுருட்டிச் சுருட்டி என் முள்ளில் மாட்டிவிடுவதுபோல்...

"மச்சான், இதைப் பாருங்களேன்."

அவர் திரும்பவில்லை. "கிளம்பலாமா மாப்ள?" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மேடைப் பலகைக்கு அடியில்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

நரம்பு சுற்றும் சத்தம்.

மேடையின் கடைசியில் பனி கொஞ்சம் விலகியது. தண்ணீருக்குள் ஓர் ஆள் நின்றார். பூங்கா ஊழியர்கள் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை. முழங்கால் அளவு தண்ணீர். குனிந்து எதையோ இழுத்து, கையில் சுற்றிக்கொண்டிருந்தார். காலையிலேயே சுத்தம் செய்ய இறங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவருக்குப் பக்கத்துத் தூணில் ஒரு பலகை. அதில் எழுதியிருந்தது.

ஆழம் 11 அடி.

என் கையில் இருந்த தூண்டில் நழுவியது.

"ஐயா..." என்றார் அவர். "கொஞ்சம் கை குடுங்க."

மச்சான் எழுந்துவிட்டார். இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"அவர்கிட்டப் போகாத. ஓடு."

"யாருன்னே நீங்க பாக்கலையே மச்சான்..."

"குரல் தெரியும்."

தண்ணீரில் நின்றவர் நிமிர்ந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அன்னிக்கும் கை கேட்டேன்."

5:56.

மச்சான் ஓர் அடி எடுத்து வைத்தார்.

விழுந்தார்.

வலது காலில் நரம்பு. எப்போது சுற்றியது என்று தெரியவில்லை. ஒரு சுற்று இல்லை... நூறு சுற்று.

இழுத்தது.

நகங்கள் பலகையில் கீறிக்கொண்டே போயின. அவர் பெல்ட்டைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்தது.

தண்ணீர்.

பனிக்கட்டி மாதிரி.

ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது. மச்சானை எதுவோ கீழே இழுத்தது. நடுவில் என் கை.

கத்தியை எடுத்தேன். அறுத்தேன். அறுக்க அறுக்க...

சர்ர்... சர்ர்...

சுற்றிக்கொண்டே இருந்தது.

என் காதருகில் ஒரு குரல். கெஞ்சவில்லை. கோபமாக.

"இவனுக்கு மட்டும் கை குடுக்கறியா?"

கண்ணை மூடிக்கொண்டு ஒரே அறுப்பு.

விட்டது.

காவலர் மிதவை வளையத்தை எறிந்து எங்களைக் கரைக்கு இழுத்தபோது மணி 6:04. குளத்தில் வேறு யாரும் இல்லை. பனியும் இல்லை. நான் பார்த்ததைச் சொன்னேன். காவலர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி அந்த இடத்துலதான் எங்க ஆள் ஒருத்தர் போனார். தனியாப் படகுல பாசி எடுக்கப் போனவர். படகு கவுந்துடுச்சுன்னு எழுதிட்டாங்க" என்றார்.

அன்று மாலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மச்சான் எல்லாவற்றையும் சொன்னார். அவரும் அவருடைய நண்பர் ஒரு பெயிண்டரும் வேலி இடுக்கு வழியாக இரவில் பூங்காவுக்குள் போவார்களாம். நாற்பது முள் கட்டிய நீள நரம்பைத் தண்ணீருக்கடியில் கட்டிவிட்டு, விடிவதற்குள் வந்து மீனை எடுப்பார்களாம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை, பாசி எடுக்க வந்தவரின் கையில் அந்த முள் ஏறியது. படகு சாய்ந்தது. நரம்பு சுற்றிக்கொண்டது. இவர்கள் இருவரும் இருபதடி தூரத்தில், புதருக்குப் பின்னால் இருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டார்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"போகலையா?"

"போனா மாட்டிக்குவோம்னு பயம் மாப்ள. வேற யாராவது வருவாங்கன்னு..."

அந்த நரம்பை அறுத்த என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "காலு ஆறினதும் நேரா போலீசுக்குப் போறீங்க. இல்லேன்னா நான் போவேன்" என்றேன். போனார். எல்லாம் எழுதிக் கொடுத்தார். செத்துப்போனவரின் மனைவி அன்று ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். மச்சானை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவரு நல்லா நீச்சல் தெரிஞ்சவரு" என்று மட்டும் சொன்னாள்.

போலீஸ் பெயிண்டரைப் பற்றியும் கேட்டது. அவர் ஆறு மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்று மச்சான் சொன்னார். தூக்கத்தில் மாரடைப்பு என்றுதான் மச்சானுக்குச் சொல்லியிருந்தார்களாம். எனக்கு மனசு கேட்கவில்லை. பெயிண்டரின் மனைவியைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி. அந்த அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"மாரடைப்புன்னு நாங்கதான் வெளிய சொன்னோம். வேற என்னன்னு சொல்ல?"

இறந்த அன்று இரவு அவர் தனி அறையில் படுத்தாராம். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. காலையில் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றாராம் டாக்டர். குழாய்த் தண்ணீர் இல்லை. குளத்துத் தண்ணீர். தொண்டையில் பாசி இருந்ததாம்.

படுக்கை விரிப்பில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லையாம்.