தறிக்குப் பக்கத்தில் ஒரு வாள்சண்டை

என் தறி இருக்கிற அறையில்தான் மச்சான் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. வீடு அவன் அப்பாவுடையது. நான் வீட்டோட மாப்பிள்ளை.

அவனுக்கு செய்யாறு பக்கம் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த விளையாட்டைப் போடுவான். ஏதோ இங்கிலீஷ் கதையாம். மந்திரவாதி, டிராகன், கோட்டை என்று வரிசையாகப் புத்தகம் வந்ததாம். அதை விளையாட்டாக்கி விட்டிருக்கிறார்கள். திரையில் ஆள் தெரியமாட்டான். இரண்டு கையும் ஒரு வாளும்தான் தெரியும். நாமே வெட்டுகிற மாதிரி.

"ஹெட்போன் போடுடா" என்றேன்.

"காது வலிக்குது மாமா. நீங்க பஞ்சு வெச்சிக்கோங்க."

பஞ்சு வைத்துக்கொண்டு நெய்ய முடியாது. பாதி நெசவு காதில்தான். மிதித்தால் மேலே பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியில் ஒரு அட்டை திரும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் குறுக்கு நூல் போடுகிற நாடாவை ஓட்டணும். ஒரு அட்டைக்கு ஒரு இழை. இழை போடாமல் அட்டை திரும்பினால் பூவில் ஒரு வரி போச்சு.

ஒருநாள் விளையாட்டில் ஒரு கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து ஏதோ கத்திக்கொண்டு பாய்ந்தது. என் கால் தானாக மிதித்துவிட்டது. எனக்கே தெரியவில்லை. நெய்துகொண்டே போனேன்.

எனக்கு நெசவு கொடுக்கிற கடை முதலாளி, முடித்துக் கொண்டுபோன புடவையை வெளிச்சத்தில் பிரித்தார். நான் நெய்த மயிலின் கழுத்தில் விரலை வைத்தார்.

"இன்னாய்யா இது, கழுத்த வெட்டி வெச்சிக்கிற? அடுத்தது முகூர்த்தப் புடவை. அதுலயும் பழுது வந்தா உனக்கு இனிமே பாவு கிடையாது."

பாவு, அதாவது தறியில் ஏற்றுகிற நெடுக்கு நூல், இல்லையென்றால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சோறு போடும்போது தெரியும்.

மச்சானிடம் சொன்னேன். சிரித்தான்.

"பேய்க்கு பயந்து மயில் கழுத்த வெட்டிட்டீங்களா மாமா?"

"டேய்" என்றாள் என் மனைவி. அதற்குமேல் சொல்லவில்லை. அவளுக்குத் தம்பி.

அமாவாசை வந்தது. அன்றைக்கு நாங்கள் தறியில் இறங்கமாட்டோம். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"வாங்க மாமா, நீங்களும் ரெண்டு வெட்டு வெட்டுங்க" என்று விளையாடுகிற கருவியை என் கையில் திணித்தான். போன வேகத்தில் செத்தேன்.

"அய்ய, செவுத்தப் போய் குத்தறீங்களே!"

"புக்குல இவன் யாருடா?"

அவன் முகம் மாறியது. "புக்குல இவன் எறும்பக் கூட கொல்லமாட்டான் மாமா. பேசியே ஜெயிப்பான். இவனுங்க கைல கத்திய குடுத்து நாசம் பண்ணிட்டானுங்க. பேஜாரு."

"அப்ப எதுக்கு ஆடிகினு கிற?"

"கடைசில ஊருக்குத் திரும்பிப் போவான். அதையாவது விட்டு வெச்சிக்கிறானுங்களான்னு பாக்கணும்."

இதற்குத்தான் என் மயில் போனது. எழுந்துவிட்டேன்.

மறுநாள் முகூர்த்தப் புடவையை ஆரம்பித்தேன். அவன் ஆட்டத்தை முடிக்கவேண்டும் என்று லீவு போட்டுவிட்டான். காலையிலிருந்தே வாள் சத்தம். நாலு இழை போட்டேன், நிறுத்தினேன். அட்டை சத்தம் கேட்கவில்லை.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி தறி ஓரத்தில் உட்கார்ந்தாள். அட்டை திரும்ப, "போடு" என்றாள். போட்டேன்.

அவன் சத்தத்தைக் கூட்டினான். அவளும் கூட்டினாள்.

"அக்கா, நாராசமா கீது. நிறுத்து."

"நீ நிறுத்துடா."

அவன் நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தவில்லை. புடவை முடிகிறவரை அவள் அங்கேயேதான். சோறு நேரம் தவறித்தான் ஆனது. மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் தறிக்குழியை விட்டு ஏறவில்லை.

நடுவில் ஒருநாள் அவன் ஆட்டம் முடிந்தது. கையை உதறிவிட்டு எழுந்தான். "ஊருக்கு அனுப்பலக்கா அவன. கோட்டையிலயே ராஜாவாக்கிட்டானுங்க" என்றான்.

அவள் திரும்பவே இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி புடவையைப் பிரித்து முந்தியிலிருந்து பார்த்தார். மயில் மயிலாக நிறுத்திப் பார்த்தார். உள்ளே போய் அடுத்த பாவு எடுத்துவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது புத்தகத்தையும் விளையாட்டாக்கி விட்டார்களாம். மச்சான் திட்டிக்கொண்டே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

நான் பாவு நூலை இறக்கி வைத்துவிட்டு என் மனைவியைத் தறி ஓரத்துக்குக் கூப்பிட்டேன்.