குருத்து ஈயின் கால்கள்

ஜவ்வாது மலைக்கு வேளாண் அலுவலராக நான் வந்தபோது, அலுவலக அலமாரியில் பழைய அச்சுப் படங்கள் சில கிடந்தன. பயிரைத் தின்னும் பூச்சிகளை அந்தக் காலத்தில் கையால் வரைந்து அச்சிட்டவை. சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒட்டிவைத்தேன். மழைக்காலத்தில் நாள்கணக்கில் ஒருவரும் வரமாட்டார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எதிரே குருத்து ஈயின் படம் மட்டும்தான்.

ஒருநாள் ஓர் அம்மா, நடுக்குருத்து காய்ந்த சாமைப் பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"இந்த ஈயோட புழுதாம்மா குருத்தைத் தின்னுது" என்று படத்தைக் காட்டினேன்.

இதற்கு என்ன மருந்து என்று கேட்பார் என நினைத்தேன். அவரோ படத்தின் அருகே போய் வெகுநேரம் பார்த்தார்.

"பாவம், இத வரைஞ்சவருக்குப் பேச்சுத் தொணைக்குக்கூட ஆளு இல்ல போலங்க மேடம். கால்ல இருக்கற முடியக்கூட ஒண்ணு விடாம வரைஞ்சிருக்காரு பாருங்க."

"அப்படியெல்லாம் இல்ல. அது அவர் வேலை" என்றேன் வெடுக்கென்று.

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டை எழுதக் குனிந்துகொண்டேன்.

ஈயின் பின்னங்காலில் பதினேழு முடிகள். நான் எப்போதோ எண்ணிவிட்டேன்.