பெரியப்பா பக்கம் தோல், அப்பா பக்கம் காசு

போன மாதம் எங்கள் வீட்டுச் சுவரில் டிவி மாட்ட மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு ஆள் வந்தான். டிவியின் முதுகில் நான்கு திருகு. டிவிக்கும் சுவர்ச் சட்டத்துக்கும் நடுவில் வைப்பதற்குத் திருகுக்கு ஒன்றாக நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் புஷ்ஷைக் கம்பெனிக்காரனே பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தான். வந்தவன் மூன்றைப் போட்டான். நான்காவது கைதவறி அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. குனிந்து எடுப்பானா? டிவிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து அந்த இடத்தில் செருகப் போனான்.

"ஏந்தம்பி, மூணு பக்கம் பிளாஸ்டிக்கு, ஒரு பக்கம் அட்டையா?" என்றேன்.

"அதெல்லாம் தாங்குமுங்க. மாட்டிட்டா மறைஞ்சு போயிரும், யாருங்க பாக்கப் போறாங்க?"

பார்ப்பதற்கா அதை வைக்கிறார்கள்? அலமாரியைத் தள்ளி எடுக்கிற வரைக்கும் காப்பி கிடையாது என்று சொல்லிவிட்டேன். முனகிக்கொண்டே எடுத்தான். இரண்டு சாமான்களைச் சேர்த்து இறுக்கும்போது நடுவில் என்ன வைக்கிறோம் என்பதில் ஒரு குடும்பம் என்ன பாடு படும் என்று நான் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்தான்.

எங்கள் ஊர் கொட்டச்சேடு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டு அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். பிரிவினை என்றால் அப்படி ஒரு பிரிவினை. பலாமரத்தில் கிழக்குக் கிளை பெரியப்பாவுக்கு, மேற்குக் கிளை எங்களுக்கு. எங்கள் கிளையில் காய்த்த பழம் அவர்கள் பக்கம் விழுந்தால் பெரியம்மா காலால் எங்கள் பக்கம் உருட்டிவிடுவாள். கையால் தொட்டால் ஆசைப்பட்டதுபோல ஆகிவிடுமாம். ஏணி ஒன்று இருந்தது. அதை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் இரண்டு பேருமே ஏறாமல் விட்டு, அது மழையில் மக்கிப்போனது. இத்தனைக்கும் அவர்கள் பகையாளிகள் இல்லை. திருவிழாவுக்கு ஒரே துண்டில் சோறு கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான்.

அந்த வருடம் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்க இன்ஜின் வைத்த மிஷின் வந்தது. கையால் சுற்றும் பழைய மிஷினை எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் விற்றார். அப்பாவும் பெரியப்பாவும் பாதிப் பாதி போட்டு அதை வாங்கி, கழற்றி, துண்டு துண்டாகத் தலையில் சுமந்து வந்தார்கள். அதுவரை நாங்கள் பழத்தைத் தோலோடு காயவைத்து, வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பழத்தை அன்றன்றே உரித்து, கொட்டையைக் கழுவிக் காயவைத்தால் விலையே வேறு.

அந்த விலையை அம்மாதான் எல்லாரையும்விட எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிடும். நான் அதை முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஏற்காட்டில் ஹாஸ்டலோடு இருக்கும் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அப்பா, "காப்பி நல்ல வெலைக்குப் போனாப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கானால் ஹாஸ்டல் என்ற பேச்சே பிடிக்காது. அங்கே தனியாகப் படுக்க வேண்டும், நான் வளர்த்த ஆட்டுக்குட்டி இருக்காது.

மிஷினைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் விளங்கும். செப்புத் தகடு போர்த்திய ஒரு உருளை. அதற்கு எதிரே ஒரு இரும்புப் பலகை. நடுவில் உள்ள சந்தில் பழம் விழுந்து நசுங்கி, தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் போகும். சந்து அதிகமானால் பழம் முழுசாக நழுவிவிடும். குறைந்தால் கொட்டையே உடையும். பலகையின் இரண்டு முனையிலும் போல்ட். போல்ட்டில், பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே, வட்டமாக ஒரு பித்தளை வில்லை. அந்த வில்லையின் கனம்தான் சந்தின் அளவு. சுமந்து வந்த வழியில் இரண்டு வில்லையும் எங்கோ விழுந்துவிட்டன.

சரி, போனது போகட்டும், ஒரே மாதிரி இரண்டு வில்லை செய்து போட வேண்டியதுதானே? அங்கேதான் பாகம் வந்தது. மிஷின் பாதிப் பாதி. ஆகவே இடது முனை பெரியப்பாவுடையது, வலது முனை அப்பாவுடையது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா தன் பழைய செருப்பை அறுத்துத் தோல் வில்லை செய்தார். அப்பா கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த ஓட்டைக் காலணாக்களை எடுத்தார். அது அப்போதே செல்லாக் காசு. நடுவில் பெரிய ஓட்டை இருப்பதால் போல்ட்டில் மோதிரம்போல உட்காரும்.

"தோலுன்னா அசையாது, கடிச்சுப் புடிச்சுக்கும்" என்றார் பெரியப்பா.

"காசுன்னா செப்பு. கல்லாட்டம் நிக்கும்" என்றார் அப்பா.

இரண்டையும் வைத்து இறுக்கி, ஒரு பிடி பழம் போட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் உரிந்தது. இரண்டு பேரும் அவரவர் பக்கம்தான் நன்றாக உரித்தது என்று சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தார்கள்.

மறுநாள் மூட்டை மூட்டையாகப் பழம் பறித்து வந்தாயிற்று. பழம் உரிக்க நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரியம்மா ஊற்ற, அப்பா கைப்பிடியைச் சுற்ற, அம்மா கீழே உட்கார்ந்து கொட்டையை அள்ளினாள். கொஞ்ச நேரத்திலேயே அம்மாவின் கை நின்றது. இடது பக்கம் விழுகிற கொட்டை எல்லாம் உடைந்து, பிளந்து, கூழாக இருந்தது. ஈரத்தில் ஊறிய செருப்புத் தோல் போல்ட்டின் இறுக்கத்தில் அப்பளமாகிவிட்டது. சந்து சுருங்கிவிட்டது.

இதில் இன்னொரு கொடுமை. எங்களில் புருசனுடைய அண்ணனிடம் பெண்கள் நேருக்கு நேர் பேசக்கூடாது. அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் ஒரு கூடை வைக்கிற இடம்தான். ஆனாலும் பேச்சு என் வழியாகத்தான் போக வேண்டும்.

"கண்ணு, உங்க பெரியப்பங்கிட்டச் சொல்லு. ரெண்டு பக்கமும் ஒரே சாமானா வெக்கோணும். அந்தப் பக்கமும் காசே போடச் சொல்லு."

நான் திரும்பி, "பெரியப்பா, ரெண்டு பக்கமும் ஒரே சாமானா வெக்கோணுமாம்" என்றேன்.

"எங்காதுல உழுகுது சாமி. உங்கம்மாகிட்டச் சொல்லு, என் பக்கத்துக்கு உங்கப்பன் காசு எதுக்கு? எங்கிட்டச் செருப்பு இருக்குது." சொன்னதோடு நிற்காமல் இன்னொரு தோல் வில்லையை அறுத்துச் செருகினார்.

அண்ணன் ஒன்று கூட வைத்தபிறகு தம்பி சும்மா இருப்பாரா? அப்பாவும் தன் பக்கம் ஒரு காசைக் கூட்டினார். எதற்கு என்று யாராவது கேட்டால்தானே! இப்போது வலது பக்கம் பழம் உரியாமல் முழுசு முழுசாக உருண்டு வந்தது. இடது பக்கம் புதுத் தோலும் ஊற ஊற மறுபடி கூழ்.

"ஏனுங்க, நீங்களாச்சும் அந்தக் காச எடுங்க" என்று அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள்.

"மொதல்ல அவரு எடுக்கட்டும்."

"கண்ணு, பெரியப்பங்கிட்டச் சொல்லு, பொழுது சாயுது, பழம் சூடேறுதுன்னு சொல்லு."

"பெரியப்பா, பழம் சூடேறுதாம்."

"உங்கப்பங்கிட்டச் சொல்லு."

அப்பா காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் அவரிடமும் போய்ச் சொன்னேன். பெரியம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்ல அண்ணந்தம்பி! மிஷின ரெண்டா அறுத்துக்கங்க, உங்களுக்கு அதுதான் லாயக்கு" என்று சிரித்தாள். அவள் சிரிப்பில் இரண்டு பேருக்கும் இன்னும் ரோசம் ஏறியது. குவியலுக்குள் கை விட்டால் பழம் கதகதவென்று இருந்தது. புளித்த வாசனை வர ஆரம்பித்துவிட்டது. நான் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, அடுத்த தடவை அம்மா "கண்ணு" என்றபோது திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா எழுந்தாள். கூழாகிப்போன கொட்டையை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு நேராகப் பெரியப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"அந்தத் தோலப் புடுங்கி எறியுங்க" என்றாள். என்னைப் பார்த்து அல்ல, அவர் முகத்தைப் பார்த்து.

அப்பா சுற்றுவதை நிறுத்தினார். பெரியம்மா குடத்தைக் கீழே வைத்தாள். பெரியப்பா முகம் கறுத்துப்போனது. ஸ்பானரை எடுத்து, இடது பக்கத்துப் போல்ட்டைக் கழற்றி, தோல் வில்லை இரண்டையும் எடுத்து, மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார். அவர் பங்கு அது, எடுத்துக்கொண்டார். ஒரு முனையில் போல்ட் இல்லாத மிஷின் எதற்கு ஆகும்? அப்பா சவுக்கு மரத்தில் ஒரு ஆப்புச் சீவி அந்தப் பக்கம் அடித்தார். சுற்றின சுற்றில் அது தெறித்துக் கிணற்றடியில் போய் விழுந்தது. அப்பாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது அம்மாவைத்தான் திட்டினார், "எங்கண்ணன் மொகத்துக்கு நேராப் பேசிப்புட்டயே" என்று.

மறுநாள் பழம் முழுதும் நொதித்து நாறியது. அதைத் தோலோடு களத்தில் பரப்பிக் காயவைத்தோம். வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்து, அள்ளி முகர்ந்து பார்த்து, வழக்கமான விலைக்கும் கீழே கேட்டு வாங்கிப்போனான்.

ஹாஸ்டல் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஊர்ப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போதும் வரும்போதும் அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள். மூத்தவரை எதிர்த்துப் பேசினவள், வாய்க்காரி, நாலு காப்பிக் கொட்டைக்காக மானத்தை விட்டவள் என்றார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது.

ஒருநாள் அம்மா, அடுத்துப் பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்த பழத்தைக் காலால் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் கேட்டே விட்டேன்.

"ஏம்மா, போயும் போயும் காப்பிக்காகவா பெரியப்பங்கிட்ட அப்படிப் பேசுன?"

அம்மா என்னையும் பார்த்தாள், என் கையில் இருந்த ஆட்டுக்குட்டியையும் பார்த்தாள்.

"ஆமா கண்ணு, காப்பிக்காகத்தான்" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.