மிக்கேல் அண்ணாச்சியின் இடது காது

"நம்ம மிக்கேல் சார் இறந்துட்டாவளாம், சார்" என்று குமாஸ்தா போனில் சொன்னபோது, நான் நீதிமன்றத்துக்குக் கிளம்பிக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கை உள்ளே போய்விட்டது. மற்றக் கையை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.

தூத்துக்குடியில், வேலையின்போது அடிபட்டவர்களுக்காக வழக்காடியவர் மிக்கேல் அண்ணாச்சி. நான் எப்போதும் எதிர்த்தரப்பு, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல். அவருடைய பெயர்ப்பலகையில் பி.ஏ., பி.எல். என்பதற்கு மேல் ஓர் எழுத்து கிடையாது. இடது காது கேட்காது. "அண்ணாச்சிக்கு நம்ம பாயிண்ட் மட்டும் காதுல விழாது" என்று கேலி செய்வேன். "உங்க பக்கம் அந்தக் காதைத்தான வச்சிருக்கேன்" என்பார்.

சங்கு குளிக்கும் அருள்ராஜின் வழக்கில்தான் அவரை உண்மையில் அறிந்தேன். படகிலிருந்து குழாய் வழியே காற்று அனுப்பும் கம்ப்ரசர் திடீரென நின்றுவிட, அருள்ராஜ் ஆழத்திலிருந்து விருட்டென்று மேலே வந்துவிட்டார். அப்படி வேகமாக ஏறியதில் கால்கள் விளங்காமல் போயின. நிதானமாக ஏறவேண்டும் என்ற விதியை வேண்டுமென்றே மீறினார், ஆகவே இழப்பீடு கிடையாது என்று நான் அடித்துப் பேசினேன்.

அண்ணாச்சி எழுந்தார். "வக்கீல் சார், கொஞ்சம் மூச்சைப் பிடிங்க. நான் சொல்லும்போது விடலாம்."

வீம்புக்குப் பிடித்தேன். அவர் வழக்கை விசாரித்த இழப்பீட்டு ஆணையரிடம் மெல்லப் பேசினார். "கீழ வெளிச்சம் இளநித் தண்ணி மாதிரி இருக்கும், ஐயா. சத்தமே இருக்காது. மீனு வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போவும். வீட்டு நெனப்பே வராது." மின்விசிறியின் ஓசை எங்கோ உயரத்தில், தண்ணீருக்கு அப்பால் கேட்டது. அறை பச்சையாகிக்கொண்டே போனது. சட்டென்று நெஞ்சு முட்டி, வாயைத் திறந்துவிட்டேன்.

"நான் இன்னும் சொல்லலையே" என்றார் அண்ணாச்சி. "நாற்காலியில இருந்துக்கிட்டே மேல வந்துட்டீய."

அருள்ராஜ் வென்றார். தோற்றதைவிட, பேசியதற்காகத்தான் வெட்கப்பட்டேன்.

"இதெல்லாம் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க, அண்ணாச்சி?" என்று வராந்தாவில் கேட்டேன்.

இடது காதைத் தொட்டுக் காட்டினார். "புன்னைக்காயல் கடல்ல. நானும் சங்கு குளிச்சவன்தான். ஒருநாள் அவசரமா ஆழத்துக்கு இறங்குனேன், தண்ணி அழுத்தி காதுச் சவ்வு கிழிஞ்சு போச்சு. எனக்காகப் பேச அன்னைக்கு ஒரு ஆளில்ல. அப்புறந்தான் சட்டம் படிக்கப் போனேன்."

நேற்று புன்னைக்காயல் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கக் கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன். ஊன்றுகோல்களோடு குழியோரம் நின்ற அருள்ராஜ் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மெதுவா விடுங்க, சார். அவியளுக்குக் காது வலிக்கும்."

மெதுவாகத்தான் விட்டேன், அண்ணாச்சி. போய் வாருங்கள்.