ஹெல்மெட் போட்ட அரிசி மூட்டை

எங்கள் ஊர் திகாம் பத்துவில் உள்ள மோட்டார் பட்டறையில் அண்மையில் ஓர் அரிசி மூட்டைக்கு ஹெல்மெட் மாட்டினார்கள். மாட்டியவர் மெக்கானிக் பாலா. மூட்டை உட்கார்ந்திருந்தது என் மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில். முன் சீட்டில் நான்!

சிரிக்காதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு மனிதரின் மானமும், என் சனிக்கிழமையும் இருக்கின்றன.

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. வேலை பார்த்த காலம் முழுக்க ஃபேக்டரி பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போய், வாசலிலேயே இறக்கிவிட்டது. அப்புறம் கற்றுக்கொள்வானேன்? காரும் மகளோடு பினாங்குக்குப் போய்விட்டது. ஆகவே சனிக்கிழமை காலையில் கடலோரத் தஞ்சோங் டாவாய்க்கு மீன் வாங்கப் போவது என் மோட்டாரில்தான். நான் ஓட்டுவேன். அவர் பின்னால்.

பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து போவதா... நாலு பேர் பார்த்தால்? அதற்காகவே முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் ஒன்று வாங்கினார். அதில் ஏற்றி இறக்கும் கறுப்புக் கண்ணாடி. வீட்டு வாசலில் இறக்கினார் என்றால் மீன் கடை வந்த பிறகுதான் ஏற்றுவார்.

இன்னொரு சங்கதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மனிதர் வீட்டில் வாயே திறப்பதில்லை. சாப்பிட்டீங்களா? ம். மக போன் பண்ணுச்சா? ம். அவ்வளவுதான். ஆனால் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தால் போதும் — காற்றுச் சத்தத்தை மீறி, என் காதில் கத்திக் கத்திப் பேசுவார். ஃபேக்டரியில் நைட் ஷிஃப்டில் தூங்கி மாட்டிக்கொண்டவர் கதை, மகள் பிறந்த அன்று அவர் ஆஸ்பத்திரி மாறிப் போய் நின்ற கதை... முகம் பார்க்காமல் பேசுவது சுலபமோ என்னவோ! மீன் எங்கேயும் கிடைக்கும். நான் போவது அந்தப் பேச்சுக்காக.

அந்தப் பேச்சுக்குத்தான் ஆபத்து வந்தது. லாரிகள் ஓடி ஓடி ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் 'டம்'மென்று அடிக்கும். ஒருநாள் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"இனிமே நீ மட்டும் போய்ட்டு வாம்மா. என் முதுகு தாங்கல."

மறுநாளே பாலாவிடம் போய் நின்றேன்.

"அக்கா, இது ஒரு ஆளு தனியா ஓட்டுறதுக்கு வச்ச செட்டிங்," என்றார் பாலா. "நீங்க ரெண்டு பேரு ஏறுனா ஸ்பிரிங் அங்கயே முக்காவாசி அமுங்கிடுது. அப்புறம் பள்ளம் வந்தா அமுங்க எடம் எங்க இருக்கு? டம்முனு அடிக்கத்தானே செய்யும்!"

விஷயம் இவ்வளவுதான். ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்க வேண்டும் — அதன் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதற்கு 'சேக்' என்று பெயர். அதிகம் அமுங்கினால் அடி இடிக்கும். அமுங்காவிட்டால் தூக்கிப் போடும். ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள வளையத்தைத் திருகி அதைச் சரி செய்வது 'பிரீலோட்'. சக்கரம் தரையில் படாதபோது ஓர் அளவு, ஆட்கள் ஏறிய பிறகு ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.

"அண்ணனக் கூட்டிட்டு வாங்கக்கா. ரெண்டு பேரும் ஏறி உக்காந்தாதான் அளக்க முடியும்."

வருவாரா அண்ணன்? பட்டறைக்குப் பக்கத்திலேயே டீ விற்கும் ஒட்டுக்கடை. அங்கே காலை முழுக்க ஒரே டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், அவருடைய பழைய ஃபேக்டரி கூட்டாளிகள். தலைவர் மணியம்.

"ஓடுற மோட்டார்ல உக்காந்தாலும் பரவால்ல. நிக்கிற மோட்டார்ல, அவனுங்க முன்னாடி, ஒன் பின்னால உக்காந்து போஸ் குடுக்கணுமா? வேணாம் லா!" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு அவரே வழியும் சொன்னார். "என் வெயிட்டுக்கு அரிசி மூட்டை வச்சு அளக்கச் சொல்லு. அறுவத்தஞ்சு கிலோ."

நெல் விளையும் எங்கள் கெடா மாநிலத்தில் அரிசிக்கா பஞ்சம்? பக்கத்து மளிகைக் கடையில் மூட்டைகளை வாங்கி, பின் சீட்டில் அடுக்கிக் கட்டினோம். "அண்ணன் மாதிரியே இருக்காரு, பேசவே மாட்டேங்கிறாரு," என்று சொல்லி, பாலா உச்சி மூட்டைக்கு ஹெல்மெட்டை மாட்டினார். ஒட்டுக்கடையே சிரித்தது. அளந்தார், வளையத்தைத் திருகினார், மறுபடி அளந்தார். அம்சமாக வந்தது.

சனிக்கிழமை. கெஞ்சிக் கூத்தாடி அவரை ஏற்றினேன். முதல் பள்ளம்... டம்!

"ஐயோ!"

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. வீட்டில் இறங்கி, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார். "இதோட போதும்," என்றார். அன்றைக்கு வாங்கிய மீன் எனக்கு ருசிக்கவே இல்லை.

திங்கட்கிழமை பாலாவிடம் சண்டைக்குப் போனேன். மறுபடி மூட்டைகளை ஏற்றி அளந்து பார்த்தார்.

"அரிசி சரியாத்தான்கா இருக்கு. அண்ணன்தான் சரியில்ல."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. அறுவத்தஞ்சு எப்ப?"

விட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். "அது... வேலைக்குச் சேந்தப்ப மெடிக்கல்ல எழுதுனது."

சிரிப்பதா, அழுவதா? எடை கேட்டால் நாம் எல்லோரும் நமக்குப் பிடித்த ஒரு வருஷத்து எடையைத்தானே சொல்கிறோம்! ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு மீனு வேணாங்க," என்றேன். "நீங்க பின்னால உக்காந்து பேசுறீங்களே, அது வேணும். வீட்டுல யாருகிட்ட நான் பேசுறது?"

மறுநாள் காலையில் அவர் தானாகவே ஹெல்மெட்டை எடுத்தார். வாசலிலேயே கண்ணாடியை இறக்கினார்.

பட்டறையில் விறைப்பாக என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மூச்சுக்கூட விடவில்லை. பாலா குனிந்து அளந்தார். "அம்மாடி!" என்று ஸ்பானரை எடுத்தார்.

அப்போதுதான் ஒட்டுக்கடையிலிருந்து மணியத்தின் குரல்: "டேய் ராஜு! நல்லா சாஞ்சு உக்காருடா. இத்தன வருஷமா பின்னால உக்காந்து போற, இன்னும் பழகலயா?"

கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது. உள்ளே வேர்த்து வழிந்த முகம். "எப்புட்றா தெரியும்?"

"சனிக்கெழமையானா இந்த வழியாத்தான கத்திக்கிட்டே போற? ஒன் ஆஸ்பத்திரி கதையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்டா!"

கடையே குலுங்கிச் சிரித்தது. ஒரு நிமிஷம் கழித்து இவரும் சிரித்தார். இறங்கிப் போய் மணியத்தோடு ஒரு டீயும் குடித்தார்.

இந்தச் சனிக்கிழமை போய் வந்தோம். பள்ளம் வந்தது, மோட்டார் மெத்தென்று அமுங்கி எழுந்தது, பேச்சு அறுபடவே இல்லை. கண்ணாடி திறந்தே இருந்ததால் எச்சில் கொஞ்சம் என் கழுத்தில் தெறித்தது... இருக்கட்டும், மழையில் நனையாதவளா நான்?

வாங்கிய அரிசியைத்தான் இப்போது வீட்டில் பொங்கிக்கொண்டிருக்கிறோம். பாலா சொல்லி அனுப்பியிருக்கிறார்: "மூட்டை காலியானதும் மறுபடி அளக்க மோட்டார ஒருதடவ கொண்டாங்கக்கா. அத்தனையும் அண்ணன் ஒடம்புலதானே ஏறியிருக்கும்!"